பரம்பரையா, பாரமா? வன்னியில் சீனி வருத்தம்

வன்னியில் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவைப் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு பேச்சில் ஒன்று கட்டாயம் வரும். "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் வரத்தானே போகுது" என்பது ஒன்று. "ஆள் ஈர்க்கு மாதிரி இருக்கிறார், இவருக்கு எங்கால சீனி?" என்பது மற்றது. முதல் பேச்சு பழியை முழுதாகப் பரம்பரையின் மேல் போடுகிறது, இரண்டாவது பாரத்தின் மேல். முதலாவதை நம்புகிறவர் செய்ய ஒன்றுமில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் இரத்தம் சோதிக்கவே போவதில்லை. காலில் பட்ட புண் மாதக்கணக்கில் ஆறாமல் இழுபட்டோ, கண் மங்கியோ, வேறு ஏதோ வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான் அவருக்குச் சீனி இருப்பது தெரியவருகிறது.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். பரம்பரை எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கேட்பதைவிட, இரண்டும் எப்படிக் கூட்டுச் சேர்கின்றன என்று பார்ப்பதுதான் பயனுள்ளது. எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புகளில் அந்தக் கூட்டு, தராசு எச்சரிக்கை காட்டுவதற்கு வெகு முன்னரே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பரம்பரையிலிருந்து தொடங்கலாம். அபூர்வமான சில வகைகளை விட்டால், நீரிழிவுக்கென்று ஒரு தனி மரபணு கிடையாது. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் இன்றைக்கும் வலுவானவற்றில் அது ஒன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து அது வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். அதன் பிறகு தேடல் பெருத்துக்கொண்டே போனது. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு 25 இலட்சம் பேரின் மரபணுத் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் 4 இலட்சத்து 28 ஆயிரம் பேர், பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள். மரபணுத் தொகுதியில் 611 இடங்கள் நோயோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. தனித்தனியே பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தை மிகக் கொஞ்சமாகவே கூட்டுகின்றன. எல்லாரிடமும் இவற்றில் சில இருக்கும். யாரிடம் எத்தனை சேர்ந்துவிட்டன என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இவற்றில் பல, இரைப்பைக்குப் பின்னால் உள்ள சதையி என்ற சுரப்பி, இரத்தத்துச் சீனியைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கும் திறனைக் குறைக்கின்றன. சில, உடம்பு கொழுப்பை எங்கே சேமிக்கிறது என்பதை மாற்றுகின்றன. இன்னும் சில, பசியோடும் சாப்பாட்டு ஆசையோடும் விளையாடுகின்றன. இந்தக் கடைசி வகையில் எஃப்டிஓ என்ற மரபணு பிரபலமானது. 2007இல் வந்த ஆய்வின்படி, அதன் குறிப்பிட்ட ஒரு மாற்றத்தை அப்பா, அம்மா இரு பக்கமும் பெற்றவர்கள் அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் பாரமாக இருந்தார்கள். அவர்களுக்கு நீரிழிவும் கூடுதலாக இருந்தது. ஆனால் கணக்கிலிருந்து பாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த மரபணுவுக்கும் நீரிழிவுக்கும் இடையிலான தொடர்பு மறைந்துபோனது. அதாவது இந்த மரபணு நீரிழிவுக்குப் போகும் வழியே பாரம்தான். பரம்பரை ஒரு பக்கம், பாரம் மறுபக்கம் என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

குடும்பக் கணக்கு எப்படி? பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் வாழ்நாளில் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் 70 சதவீதம் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்லும். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது மரபணு மட்டும் இல்லையே. ஒரே பானைச் சோறு, ஒரே அளவு சீனி போட்ட தேத்தண்ணி, கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிளை எடுக்கும் ஒரே பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 40க்குள் இருக்கின்றன. சொந்தத்துக்குள் கலியாணம் முடித்த குடும்பங்களில் அம்மா வழி, அப்பா வழி இரண்டும் ஒரே வேருக்குப் போவதால், ஒரே மாற்றம் இரு பக்கத்தாலும் வந்து சேரும் வாய்ப்பும் உண்டு.

சரி, மரபணுவும் பாரமும் சேரும்போது என்ன நடக்கிறது? இதை நேராகவே அளந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 3 இலட்சத்து 40 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த இன்டர்ஆக்ட் என்ற பெரிய திட்டத்தின் பகுதி அது. ஒவ்வொருவரின் மரபணு மாற்றங்களையும் கூட்டி ஒரு புள்ளி கொடுத்தார்கள். புள்ளி மிகக் குறைந்த கால்வாசிப் பேர் ஒரு பக்கம், மிகக் கூடிய கால்வாசிப் பேர் மறுபக்கம். அளவான பாரம் உள்ளவர்களில், நல்ல மரபணுக்காரர்களில் பத்து ஆண்டுக்குள் நீரிழிவு வந்தவர்கள் 0.25 சதவீதம், கெட்ட மரபணுக்காரர்களில் 0.89 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. பரம்பரை சும்மா இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. இப்போது உடற்பருமன் உள்ளவர்களைப் பாருங்கள். நல்ல மரபணுக்காரர்களில் 4.22 சதவீதம், கெட்ட மரபணுக்காரர்களில் 7.99 சதவீதம்.

இந்த நான்கு எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரபணு எவ்வளவு நல்லதாக இருந்தும் பாரம் கூடிப்போனவரின் ஆபத்து (4.22), மரபணு மோசமாக இருந்தும் பாரத்தை அளவாக வைத்திருப்பவரின் ஆபத்தைவிட (0.89) நாலு மடங்குக்கும் மேல். "எங்கட பரம்பரை, ஒண்டும் செய்யேலாது" என்ற பேச்சு இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. அதேவேளை, மரபணுவின் மடங்கு வித்தியாசம் கூடுதலாகத் தெரிவது பாரமானவர்களிடம் அல்ல, மெலிந்தவர்களிடம். மெலிந்த ஒருவருக்கு, அதுவும் இளவயதில், சீனி வந்தால் அங்கே பரம்பரையின் கை பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "இவருக்கு எங்கால சீனி?" என்ற கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில்.

மற்றப் பாதி, மெலிவு என்று யாரைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்த ஆய்வில் அளவான பாரம் என்பது உடற்திணிவுச் சுட்டி (கிலோவில் உள்ள பாரத்தை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்து வரும் எண்) 25க்குக் குறைவு. ஐரோப்பியருக்கு அது சரி. எங்களுக்கு அந்தக் கோடு மிக உயரத்தில் இருக்கிறது. ஆசியருக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. 2021இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் துல்லியமாகச் சொன்னது: வெள்ளையர் ஒருவருக்குச் சுட்டி 30இல் இருக்கும் நீரிழிவு ஆபத்து, தெற்காசிய வம்சாவளியினருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. கிலோவில் போட்டுப் பார்ப்போம். 165 சென்ரிமீற்றர் உயரமான ஒரு வெள்ளைக்காரர் 82 கிலோவில் தொடும் ஆபத்தை, அதே உயரமான எங்கள் ஆள் 65 கிலோவில் தொட்டுவிடுகிறார். 65 கிலோ ஆளை விசுவமடுவிலோ மல்லாவியிலோ எவரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் தேறியிருக்கிறாய்" என்று சந்தோசமாகச் சொல்வார்கள்.

ஏன் இந்த 17 கிலோ வித்தியாசம்? 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் இதைச் சிரிப்போடு விளக்கியது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜோன் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரின் உடற்திணிவுச் சுட்டியும் அச்சொட்டாக 22.3. ஆனால் உடம்பின் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசுக்கு இருவரும் ஒன்றுதான். உள்ளே ஒருவரிடம் தசை, மற்றவரிடம் கொழுப்பு. லண்டன்காரர் மரதன் ஓடுகிறவர் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. ஆனாலும் இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே ஐரோப்பியக் குழந்தைகளைவிடப் பாரம் குறைவாகவும், அந்தப் பாரத்துக்குள் கொழுப்பின் பங்கு கூடவாகவும் பிறக்கின்றன என்பதை யாஜ்னிக்கின் குழு புனேயில் காட்டியிருக்கிறது.

கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் முக்கியம். தோலுக்குக் கீழே தங்கும் கொழுப்பு பெரிதாகத் தொல்லை தருவதில்லை. அந்தச் சேமிப்பிடம் ஒரு குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரணைமடுவுக்கு ஒரு கொள்ளளவு, ஊருக்குப் பின்னால் கிடக்கும் சின்னக் குளத்துக்கு ஒரு கொள்ளளவு. ஒரே மழைக்கு ஒன்று அரைவாசி நிரம்பும், மற்றது வான் பாயும். தோலடிச் சேமிப்பு நிரம்பியதும் மிச்சக் கொழுப்பு ஈரலுக்கும் சதையிக்கும் போகிறது. ஈரலில் கொழுப்புப் படிந்தால் அது இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் இரவிரவாகக் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையிலேயே எண் கூடி நிற்பது அதனால்தான். சதையியில் படிந்தால் இன்சுலின் சுரக்கும் கலங்கள் தளர்ந்துபோகின்றன. அந்தக் கலங்கள் ஏற்கெனவே பரம்பரையில் பலவீனமானவை என்றால் தளர்வு சீக்கிரம் வரும்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோய் டெய்லர் இந்தக் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு என்கிறார். அவர் சொல்வதை எங்கள் நிலத்துக்குப் பொருத்தினால் இப்படி வரும்: உனக்குக் கூடாத பாரம் எது என்பதை அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்து முடிவுசெய்ய ஏலாது. இருபது, இருபத்தைந்து வயதில் நீ எவ்வளவு இருந்தாய், இப்போது எவ்வளவு கூடியிருக்கிறாய் என்பதுதான் கணக்கு. 52 கிலோவாக இருந்தவர் 64 ஆனால், பார்வைக்கு மெல்லிசாகவே இருப்பார். அந்த 12 கிலோவில் பெரும்பகுதி எங்கே போய் இருக்கிறது என்பதைச் சாரக்கட்டுக்கு மேலே தள்ளும் வண்டி சொல்லிவிடும். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்று எல்லை போட்டிருக்கிறார்கள். தையல்காரரின் நாடா போதும், தராசு கூடத் தேவையில்லை.

வன்னியில் தராசை நம்பக்கூடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போரில் கால் இழந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடம்பின் பாரத்தில் ஏறத்தாழ 6 சதவீதம், முழுக்காலும் ஏறத்தாழ 16 சதவீதம். இழந்த காலின் பாரம் தராசில் ஏறாது. ஆகவே கிளினிக் கொப்பியில் எழுதப்படும் சுட்டி அவருக்கு எப்போதும் குறைவாகவே காட்டும். நடமாட்டம் குறைந்து, தசை கரைந்து, வண்டி வைத்திருந்தாலும் "நோர்மல்" என்றே எழுதப்படும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இதே சிக்கல். இவர்களுக்கு நாடாவையும் இரத்தத்தையும் தவிர வேறு அளவுகோல் சரிவராது. இதைத் தொற்றா நோய் வேலைத்திட்டங்களில் தனியாக எழுதி வைத்தால் நல்லது என்பது என் எண்ணம்.

மரபணுவின் பங்குக்கு எங்கள் பக்கத்து ஆட்களிடமிருந்தே சான்று வரத் தொடங்கியிருக்கிறது. பிரித்தானியாவில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடக்கும் ஒரு பெரிய ஆய்வு 2024இல் இரண்டு வகைப் பலவீனங்களைச் சுட்டியது. ஒன்று இன்சுலின் சுரப்புக் குறைவு, மற்றது கொழுப்பைத் தோலடியில் சேர்த்துவைக்க முடியாமை. இரண்டும் பரம்பரையில் பலமாகச் சேர்ந்துவிட்டவர்களுக்குச் சராசரியாக 8 ஆண்டுகள் முந்தியே, அதுவும் குறைந்த பாரத்திலேயே, நீரிழிவு பிடித்திருந்தது.

ஆனால் மரபணு ஒரு தலைமுறைக்குள் மாறுவதில்லை. அப்பம்மாவிடம் இருந்ததுதான் பேரனிடமும் இருக்கிறது. மாறியது வாழ்க்கை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் தங்கம் மாதிரி. மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்ற எல்லாருக்கும் சைக்கிள்தான். மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் சைக்கிள், ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள், விறகும் சைக்கிளில்தான். அருவி வெட்டு, சூடு மிதிப்பு, மூட்டை தூக்கல் எல்லாம் கையாலும் முதுகாலும். இன்று வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் ஒரு காலையில் வேலை முடிந்து நெல் பாக்காகி நிற்கிறது. கமக்காரர் வரம்பில் நின்று கணக்குப் பார்க்கிறார். அவர் சாப்பிடும் சோறு மட்டும் அருவி வெட்டிய காலத்து அளவிலேயே இருக்கிறது. இடையில் கோதுமை மா நிவாரணமாக வந்து, பிறகு பழக்கமாகிவிட்டது. காலையில் பாண் அல்லது மாப் புட்டு, பத்து மணிக்கு பணிசும் தேத்தண்ணியும், மத்தியானம் சோறு, இரவு ரொட்டி.

பழைய காலத்தை நான் கொண்டாடவில்லை. அந்த மெலிவில் பாதி பசி. அந்தப் பசியே இந்தக் கதையில் இன்னொரு பக்கம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவை மறித்தபோது நெதர்லாந்தில் தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை, அவர்களுக்கு 50 வயதான பிறகு சோதித்தார்கள். அவர்களின் உடம்பு குளுக்கோசைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. வயிற்றுக்குள் பட்டினி கிடந்த பிள்ளையின் உடம்பு குறைந்த உணவுக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்கிறது, பிறகு உணவு தாராளமானால் திணறுகிறது என்ற கருத்தை பிரித்தானிய ஆய்வாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்திருந்தார்கள். 2009இன் முதல் மாதங்களில் முள்ளிவாய்க்கால் பக்கம் கஞ்சியோடு நாள் கழித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. முகாமில் பிறந்தவர்களும் அதே வயது. மரபணு எதுவோ, அதற்கு மேல் இதுவும் ஏறியிருக்கிற பிள்ளைகள் அவர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வயதுவரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சின்ன வயதில் நீண்டகாலம் போசாக்கில்லாமல் போய், மிக மெலிந்த உடம்பில் வருகிற ஒரு தனி வகை நீரிழிவும் உண்டு. 1955இல் ஜமேக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1985இல் வகைப்பாட்டில் சேர்த்து, 1999இல் எடுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதை ஐந்தாம் வகை என்று மறுபடியும் ஏற்றுக்கொண்டது. எலும்பும் தோலுமான இளைஞர் ஒருவருக்குச் சீனி என்றால் "பாரத்தைக் குறை" என்ற வழக்கமான அறிவுரை அவருக்குப் பொருந்தாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நாடளாவிய கணக்குகளும் எங்களை நெடுங்காலம் எண்ணவில்லை. 2005–06இல் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2018–19இல் நடந்த ஆய்வில் நாட்டின் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு என்று வந்தது.

இனி, செய்யக்கூடியது என்ன? அமெரிக்காவில், நீரிழிவு இன்னும் வராமல் சீனி அளவு எல்லைக்கோட்டில் நின்றவர்களிடம் நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2002இல் வந்தது. பாரத்தில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் குளிசை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். அதே ஆட்களின் மரபணுவைப் பிறகு சோதித்தார்கள். டிசிஎஃப்7எல்2 மாற்றத்தை இரு பக்கமும் பெற்றவர்களுக்கு, எதுவும் செய்யாத குழுவில் ஆபத்து 80 சதவீதம் கூடியிருந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவிலோ அந்தக் கூடுதல் ஆபத்து பெரிதாகத் தெரியவில்லை. மரபணு அப்படியே இருந்தது, அதன் பல் மட்டும் உடைந்துவிட்டது.

மெலிந்தவர்களுக்கு இதைவிட முக்கியமானது சென்னையில் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் நீரிழிவை 28.5 சதவீதம் குறைத்தன. அமெரிக்காவைவிடக் குறைவுதான், ஆனால் கவனிக்க வேண்டியது வேறு: அந்தக் குழுவின் சராசரிப் பாரம் குறையவே இல்லை. தராசு முள் அசையாமலே உள்ளே நன்மை நடந்திருக்கிறது. நடக்கிற தசை இன்சுலினின் உதவி அதிகம் கேட்காமலே இரத்தத்திலிருந்து குளுக்கோசை எடுத்துக்கொள்ளும். ஆகவே பாரம் குறையவில்லை என்று மாலை நடையைக் கைவிடக்கூடாது.

ஏற்கெனவே சீனி வந்துவிட்டவர்களுக்கும் வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை. ரோய் டெய்லரின் குழு பார்க்கப் பருமனில்லாத, சுட்டி 27க்குக் குறைந்த 20 நோயாளிகளைப் பாரம் குறைக்கச் செய்தது. சராசரியாக உடம்பின் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 14 பேருக்குக் குளிசை இல்லாமலே சீனி அளவுக்கு வந்தது. 2023இல் வெளியான சின்ன ஆய்வுதான். ஆனாலும் மெலிந்தவர்கள் போலத் தெரிபவர்களிடமும் ஈரலிலும் சதையியிலும் நின்ற கொழுப்பு இறங்கினால் பலன் உண்டு என்று அது காட்டியது. குளிசையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கோப்பையில் சோறு மலை போலவும் கறி அடிவாரம் போலவும் இருக்கிறது, அதைத் திருப்பிப் போட வேண்டும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, குளத்து மீன் எல்லாம் வன்னியில் கிடைக்கிறவைதான். சீனியை விட்டுவிட்டு பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் பிரச்சினையில்லை என்று நம்புகிறவர்கள் பலர். பனங்கட்டியும் சர்க்கரைதான். குரக்கன் புட்டு என்று இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் அதுவும் அரிசிப் புட்டின் கணக்கில்தான் சேரும்.

பரிசோதனைக்கு வருவோம். அரச ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த தொற்றா நோய்ப் பரிசோதனை நிலையங்களில் 35 வயது கடந்தவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ சீனி இருந்தால், அல்லது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி கூடிய தாயாக இருந்தால், 35 வரை காத்திருக்கத் தேவையில்லை. கர்ப்பகாலத்தில் வந்த சீனி பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாய்மாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட 7 மடங்குக்குக் குறையாது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு, இன்னொரு தடவை பார்த்து உறுதிசெய்வார்கள். 100க்கும் 125க்கும் இடையில் என்றால் எல்லைக்கோடு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வசதியானது, ஆனால் இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் வெறும் வயிற்றுப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்வது நல்லது. அதற்கு எட்டு மணிநேரம் தண்ணீரைத் தவிர ஒன்றும் கூடாது, விடியப்புறத் தேத்தண்ணியும் கூடாது. அப்பாவை மாதாமாதம் கிளினிக்குக்கு ஏற்றிவரும் மகன், ஒரு நாள் தானும் வெறும் வயிற்றோடு வந்தால் ஒரே பயணத்தில் வேலை முடிந்துவிடும்.